ஒரு குத்து, 28 சீசன்: கோச் வுடி ஹேயஸ் கேஸ்

1978 டிசம்பர் 29 ராத்திரி. ஃப்ளோரிடால ஜாக்சன்வில் ஊர்ல கேட்டர் பௌல் மேட்ச், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால்ல சீசன் முடிவுல காலேஜ் டீமுங்க ஆடற பெரிய மேட்ச்ல ஒண்ணு. ஓஹையோ ஸ்டேட் ஒரு பக்கம், க்ளெம்சன் ஒரு பக்கம். 17-15ன்னு க்ளெம்சன் முன்னாடி இருக்காங்க, இன்னும் ரெண்டரை நிமிஷம்தான் பாக்கி, ஆனா பந்து ஓஹையோ ஸ்டேட் கையில, அதுவும் க்ளெம்சனோட 24 யார்டு கோட்டுல. அங்கேர்ந்து உதைச்சு ஒரு ஃபீல்டு கோல் அடிச்சாலே மூணு பாயின்ட், ஜெயிச்சிடலாம். பந்தை எறியற குவார்ட்டர்பேக் ஆர்ட் ஷ்லிக்டர், 18 வயசு, காலேஜ்ல முதல் வருஷம். பந்தை எறிஞ்சான். அது போய் சேர்ந்தது சார்லி பௌமன்ங்கிற க்ளெம்சன் டிஃபென்ஸ் பையன் கையில. அவன் அதை எடுத்துட்டு ஓட, ஓஹையோ ஸ்டேட் ஆளுங்க வரிசையா நிக்கிற ஸைட்லைன்லயே அவனைத் தள்ளி விழ வச்சாங்க. எழுந்து நின்னான். அங்க நின்ன 65 வயசு கோச் அவனைப் பிடிச்சு இழுத்து, வலது கையால தொண்டைகிட்ட ஒரு குத்து விட்டாரு.

அந்த கோச்தான் வுடி ஹேயஸ். மறுநாள் காலைல அவருக்கு வேலை இல்ல.

அந்த க்ளிப்பை நான் பத்து தடவையாவது பாத்திருப்பேன். பாக்கப் பாக்க என் கண்ணு பௌமன் மேல போகல, சுத்தி நிக்கிற ஓஹையோ ஸ்டேட் ஆளுங்க மேலதான் போகுது. அவரைப் பிடிச்சு இழுக்க வந்த கென் ஃப்ரிட்ஸ், அவர் டீம் பிளேயர்தான், அவன் மேலயும் பாஞ்சாரு. டிவி கமென்ட்ரில கீத் ஜாக்சன், நாடே கேக்குற குரல், குத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. முதல்ல குத்துக்கு 15 யார்டு பெனால்டி, அப்புறம் ரெஃப்ரிகிட்ட சண்டைக்குப் போனதுக்கு இன்னொரு 15 யார்டு. மேட்ச் 17-15லயே முடிஞ்சுது.

இந்தக் கதையை வழக்கமா எப்படி சொல்றாங்கன்னா, "பாவம்யா, 28 வருஷப் பேரு ஒரு செகண்ட் கோபத்துல போச்சு". எனக்கு அது சரியாப் படல. அந்த ஒரு செகண்டுக்கு முன்னாடி இதே மாதிரி பல செகண்ட் இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் சாட்சி இருந்துச்சு, ஃபோட்டோவும் இருந்துச்சு. யாரும் தட்டிக் கேக்கல, கேட்டாலும் முதுகுல லேசா ஒரு தட்டு தட்டி அனுப்பிட்டாங்க. அதனால இதை ஆரம்பத்துலேர்ந்து பாத்தாதான் புரியும்.

வாத்தியார் வீட்டுப் புள்ள

முழுப் பேரு வேன் வுட்ரோ ஹேயஸ். 1913 பிப்ரவரி 14ல ஓஹையோ மாநிலம் க்ளிஃப்டன்ல பொறந்தாரு, வளர்ந்தது நியூகமர்ஸ்டவுன்ங்கிற சின்ன ஊர்ல, அப்பா அங்க ஸ்கூல் சூப்பரின்டென்டன்ட். டெனிசன் யுனிவர்சிட்டில படிச்சு 1935ல டிகிரி முடிச்சு, அப்புறம் ஹைஸ்கூல்ல பாடமும் எடுத்தாரு ஃபுட்பாலும் சொல்லிக் கொடுத்தாரு. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் நேவில சேர்ந்தாரு, கப்பலுக்கு கமாண்டரா இருந்தாரு, யுஎஸ்எஸ் ரைன்ஹார்ட்ங்கிற டெஸ்ட்ராயர் எஸ்கார்ட் அவர் கையில இருந்துச்சு. கடைசி வரைக்கும் அவர் பேச்சுல பாதி போர், மிலிட்டரி ஜெனரல், வரலாறுன்னுதான் போகும்.

போர் முடிஞ்சு 1946ல தான் படிச்ச டெனிசனுக்கே கோச்சா வந்தாரு. முதல் வருஷம் 2 வெற்றி, 6 தோல்வி. ஊர்ல என்ன பேசியிருப்பாங்கன்னு சொல்லத் தேவையில்ல. அடுத்த ரெண்டு வருஷம் ஒரு மேட்ச் கூட தோக்கல, 17க்கு 17. அப்புறம் ஓஹையோலயே ஆக்ஸ்ஃபர்ட் ஊர்ல இருக்குற மயாமி யுனிவர்சிட்டி (ஃப்ளோரிடா மயாமின்னு நெனைச்சுக்காதீங்க, இது வேற), அங்க ரெண்டு வருஷம், ரெண்டாவது வருஷம் 9-1. அங்க அவர்கிட்ட ஆடின ஒரு பையன் பேரு போ ஷெம்பெக்லர். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

1951ல ஓஹையோ ஸ்டேட் கூப்பிட்டாங்க. அந்த வேலைக்கு அப்பவே "கோச்சுங்களோட சுடுகாடு"ன்னு பேரு, வந்தவன் எவனும் நிலைக்கல. ஊர்ல பாதிப் பேரு, முன்னாடி அங்க கோச்சா இருந்த பால் ப்ரௌன் திரும்பி வரணும்னு ஆசைப்பட்டாங்க. வுடி யாருன்னே பலருக்குத் தெரியாது. முதல் சீசன் 4-3-2, அதாவது 4 வெற்றி, 3 தோல்வி, 2 டை. மூட்டை கட்ட வேண்டியதுதான்னு நெனைச்சிருப்பாங்க. 1954ல 10-0, நேஷனல் சாம்பியன். அதுக்கப்புறம் 1978 வரைக்கும் அவரை அந்த நாற்காலிலேர்ந்து யாராலயும் அசைக்க முடியல.

மூணு யார்டு, ஒரு புழுதி மேகம்

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடறேன். பந்து வச்சிருக்குற டீமுக்கு நாலு சான்ஸ், அதுக்குள்ள 10 யார்டு முன்னாடி போகணும், போயிட்டா மறுபடி நாலு சான்ஸ், போகலன்னா பந்து எதிராளிக்கு. முன்னாடி போக ரெண்டு வழி. ஒண்ணு, பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு முட்டி மோதி ஓடறது. இன்னொண்ணு, தூரமா எறிஞ்சு இன்னொருத்தன் பிடிக்கிறது. எறியறது பாக்க அழகா இருக்கும், ஆனா நடுவுல எவனாவது பிடுங்கிட்டா கதை முடிஞ்சுது.

வுடி ஓடற கட்சி. பந்தைத் தூக்கிட்டு முட்டி ஓடற ஃபுல்பேக் கையில பந்தைக் குடு, முன்னாடி நிக்கிற தடியனுங்க வழி பண்ணட்டும், ஒரு தடவைக்கு மூணரை யார்டு வந்தா மூணே சான்ஸ்ல 10 யார்டு தாண்டியாச்சு, மறுபடி அதையே பண்ணு. எதிராளிக்கு என்ன வரப்போகுதுன்னு தெரியும், ஸ்டேடியத்துல கடலை கொறிக்கிறவனுக்கும் தெரியும், ஆனா தடுக்க முடியாது. இதுக்குத்தான் "மூணு யார்டு, ஒரு புழுதி மேகம்"னு பேரு வச்சாங்க. போரடிக்கிற ஆட்டம்னு பத்திரிகைல எழுதினாங்க, அவர் கண்டுக்கல. பந்தை எறிஞ்சா மூணு விஷயம் நடக்கும், அதுல ரெண்டு கெட்டதுங்கிற பேச்சும் அவர் பேர்லதான் சுத்துது.

இந்த முறைல வெறும் தடித்தனம் மட்டும்தான்னு நெனைச்சிடக் கூடாது. ஆர்ச்சி க்ரிஃபின்னு ஒரு ரன்னிங் பேக், உயரம் அஞ்சடி ஒம்போது அங்குலம், இந்த ஆட்டத்துக்கு குள்ளம்னே சொல்லுவாங்க. முதல் வருஷம் முதல் மேட்ச்ல பந்தைக் கீழ விட்டான். ரெண்டாவது மேட்ச்ல, நார்த் கரோலினாவுக்கு எதிரா, வுடி அவனை மறுபடி இறக்கினாரு, 239 யார்டு ஓடினான். 1974, 1975 ரெண்டு வருஷமும் ஹைஸ்மன் ட்ரோஃபி, அதாவது நாட்டுலயே சிறந்த காலேஜ் பிளேயர் பரிசு. அதை ரெண்டு தடவை வாங்கின ஒரே ஆள் இன்னிக்கு வரைக்கும் அவர்தான்.

நல்லவரா கெட்டவரா

இங்கதான் கேஸ் சிக்கலாகுது. வுடி காசுக்கு ஆசைப்படாத ஆளு. சம்பள உயர்வு வேணாம்னு சொல்லி அசிஸ்டென்ட் கோச்சுங்களுக்குக் குடுங்கன்னு சொன்ன கதை ஒண்ணு ரெண்டு இல்ல, கடைசில கூட வருஷத்துக்கு 43,000 டாலர் பக்கம்தான் வாங்கினாரு, அதே காலத்துல இவரை விடக் கம்மியா ஜெயிச்சவங்க எங்கயோ போயிட்டாங்க. பிளேயர் பசங்களுக்கு உக்கார வச்சு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் கொடுப்பாரு. டிகிரி முடிக்காமப் போன பழைய பிளேயரைத் துரத்தித் துரத்தி படிப்பை முடிக்க வைப்பாரு. சத்தமில்லாம ஆஸ்பத்திரிக்குப் போய் முன்னப்பின்ன தெரியாத நோயாளி பக்கத்துல உக்காந்துட்டு வருவாரு. வியட்நாம் போர் நடக்கும்போது அங்க போய் சிப்பாய்ங்களைப் பாத்துட்டு வந்து, அவங்க அப்பா அம்மாவுக்கு ஊர் ஊரா ஃபோன் போட்டு "உங்க பையனைப் பாத்தேன், நல்லா இருக்கான்"னு சொன்ன ஆளு.

1961ல ஒண்ணு நடந்துச்சு, எனக்கு அவர் மேல மரியாதை வந்த இடம் அது. டீம் 8-0-1, சீசன் முடிவுல நடக்குற பெரிய மேட்சான ரோஸ் பௌலுக்கு அழைப்பு வந்தாச்சு. ஃபுட்பால் படிப்பை முழுங்குதுன்னு சொல்லி ப்ரொஃபசருங்க கவுன்சில்ல 28-25ன்னு ஓட்டுப் போட்டு "போகக் கூடாது"ன்னுட்டாங்க. ஓஹையோ ஸ்டேட் இருக்குற கொலம்பஸ் ஊர்த் தெருவெல்லாம் மாணவர் கூட்டம், கொடும்பாவி, ரகளை. வுடி ஒரு வார்த்தை தூண்டி விட்டிருந்தா ஊரு பத்திக்கிட்டிருக்கும். அவர் அந்த முடிவு தப்புன்னுதான் நெனைச்சாரு, ஆனா ஓட்டுப் போட்டவங்களோட நேர்மையை நான் சந்தேகப்பட மாட்டேன்னு பேசி முடிச்சிட்டாரு. இவ்ளோ பெரிய விஷயத்துல அடக்க முடிஞ்ச ஆளுக்கு ஒரு இன்டர்செப்ஷனை, அதாவது எறிஞ்ச பந்தை எதிராளி பிடுங்கறதை, ஏன் தாங்க முடியலங்கிறதுதான் என் கேள்வி.

இப்ப அந்தப் பக்கக் கணக்கு. ப்ராக்டிஸ்ல தொப்பியைக் கிழிப்பாரு, வாட்சைக் கழட்டித் தரைல அடிச்சு மிதிப்பாரு. கிழிக்க சுலபமா இருக்கட்டும்னு தொப்பித் தையலை முன்கூட்டியே பிரிச்சு வச்சிருப்பாங்கன்னு ஒரு கதை உண்டு. சிரிப்பா இருக்கு இல்ல? அதாவது கோபத்தைப் பாதி நாடகமா வச்சிருந்தாரு, பசங்க பயந்து ஓடணும்னு. பாதி நாடகம்னா மீதிப் பாதி என்னன்னு யாரும் யோசிக்கல.

1956ல ஓஹையோ ஸ்டேட் ஆடற பிக் டென் லீக் அவங்களை ஒரு வருஷம் ப்ரொபேஷன்ல, அதாவது எச்சரிக்கையோட கண்காணிப்புல போட்டுச்சு, காரணம் கஷ்டப்படற பிளேயருங்களுக்கு வுடி தன் சொந்தக் காசைக் கடனா குடுத்தது. நல்ல மனசுதான், ஆனா ரூல் ரூல். இதை அவர் தப்புன்னே ஒத்துக்கல. 1971ல மிச்சிகன் மேட்ச்ல 10-7ன்னு தோக்கற நேரம், ஒரு இன்டர்செப்ஷன், ரெஃப்ரி பெனால்டி கொடுக்கலன்னு களத்துக்குள்ள பாஞ்சு கத்தி, ஸைட்லைன்ல யார்டு கணக்கு காட்ட வச்சிருந்த மார்க்கரைப் பிடுங்கி உடைச்சாரு. நாடே டிவில பாத்துச்சு. 1973 ஜனவரி 1, ரோஸ் பௌல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஃபோட்டோகிராஃபர் ஒருத்தரோட கேமராவை அந்த ஃபோட்டோகிராஃபர் மூஞ்சிலயே வுடி தள்ளினாரு. போலீஸ் கேஸ் ஆச்சு, அப்புறம் வாபஸ் ஆச்சு. 1977ல மறுபடி மிச்சிகன் மேட்ச், குவார்ட்டர்பேக் பந்தைக் கீழ விட்டான், அந்த நேரம் பாத்து ஏபிசி கேமராமேன் இவர் மூஞ்சியைக் க்ளோஸப் எடுக்க, அவருக்கு ஒரு குத்து. லீக் அவரை ப்ரொபேஷன்ல வச்சுது, அவ்ளோதான்.

வரிசையைப் பாருங்க. முதல்ல தொப்பி, வாட்ச். அப்புறம் மார்க்கர். அப்புறம் கேமரா, கேமராவுக்குப் பின்னாடி இருந்த ஆளு. கடைசில எதிர் டீம் மாணவன். பொருள்லேர்ந்து மனுஷனுக்கு வந்து சேர ஏழு வருஷம் ஆச்சு. நடுவுல எங்கயாவது ரெண்டு மேட்ச் சஸ்பெண்ட் பண்ணி வீட்ல உக்கார வச்சிருந்தா ஜாக்சன்வில் நடந்திருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா யாரும் முயற்சி கூட பண்ணலங்கிறது உண்மை. 1972லேர்ந்து தொடர்ச்சியா நாலு சீசன் ரோஸ் பௌல் கூட்டிட்டுப் போன கோச்சை எவன் உக்கார வைப்பான்?

போ ஷெம்பெக்லர் விவகாரம்

மிச்சிகன்னு வாயால சொல்ல மாட்டாரு, "வடக்க இருக்குற அந்த ஸ்கூல்"னுதான் சொல்லுவாரு. கார்ல பெட்ரோல் தீரப் போகுது, ஆனா மிச்சிகன் மாநிலத்துல ஒரு காசு செலவழிக்க மாட்டேன், எல்லை தாண்டி ஓஹையோவுக்குள்ள தள்ளிட்டாவது போவேன்னு சொன்னதா ஒரு கதை, எவ்ளோ மசாலா சேர்ந்துதோ.

1968ல அவர் டீம் 10-0, நேஷனல் சாம்பியன், அதுல பாதிப் பேரு ரெண்டாம் வருஷப் பசங்க. மிச்சிகனை 50-14ன்னு துவைச்சாங்க. அடுத்த வருஷம் தொடர்ந்து 22 வெற்றியோட மிச்சிகன் டீமோட ஊரான ஆன் ஆர்பருக்குப் போறாங்க, அங்க புது கோச்சா வந்து உக்காந்திருக்கறது யாரு, மயாமில இவர்கிட்ட ஆடி, ஓஹையோ ஸ்டேட்ல இவர் கீழயே அசிஸ்டென்டா அஞ்சு வருஷம் வேலை பாத்த போ. குருவோட ப்ளேபுக், அதாவது ஆட்டத் திட்டமெல்லாம், சிஷ்யனுக்கு அத்துப்படி. 24-12, மிச்சிகன் ஜெயிச்சுது.

வுடி என்ன பண்ணாரு தெரியுமா, அந்த ஸ்கோரை ஒரு கார்பெட்ல பொறிச்சு, பக்கத்துல 1970னு போட்டு ஸ்கோர் இடத்தைக் காலியா விட்டு, பிளேயருங்க தினம் மிதிச்சிட்டுப் போற இடத்துல விரிச்சு வச்சாரு. வருஷம் முழுக்க அதை மிதிச்சுதான் ப்ராக்டிஸ். 1970ல 20-9, ஓஹையோ ஸ்டேட். இந்த மாதிரி பத்து வருஷம் ரெண்டு பேரும் மோதினாங்க, பத்து வருஷப் போர்னே பேரு. கணக்கு பாத்தா போ 5, வுடி 4, ஒண்ணு டை. 1976, 77, 78 மூணு மேட்ச்லயும் வுடி தோத்தாரு, அந்த மூணுலயும் அவர் டீம் ஒரு டச்டௌன் கூட போடல, அதாவது பந்தை எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு தடவை கூட கொண்டு போகல. ஜாக்சன்வில்லுக்கு அவர் எந்த மனநிலைல போயிருப்பாருன்னு இதுலேர்ந்து புரிஞ்சுக்கலாம்.

உடம்பும் சரியில்ல. சர்க்கரை வியாதி, 1974ல ஹார்ட் அட்டாக் வேற. 1978 சீசன் முதல் மேட்ச்ல அனுபவமுள்ள ராட் ஜெரால்டை விட்டுட்டு 18 வயசு ஷ்லிக்டரை குவார்ட்டர்பேக்கா இறக்கி, நிறைய எறிய வச்சாரு. ஓடற கட்சி ஆளு கட்சி மாறிட்டாரேன்னு ஊரே பாத்துச்சு. பென் ஸ்டேட் அஞ்சு பந்தைப் பிடுங்கி 19-0ன்னு அனுப்பி வச்சாங்க. சீசன் முடிவுல 7-4-1. அதுல கடைசித் தோல்விதான் பௌமன் பிடிச்ச பந்து.

இதெல்லாம் காரணம், மன்னிப்பு இல்ல. சர்க்கரை இருக்குற எல்லாரும் எதிர் டீம் பையன் தொண்டைல குத்தறதில்ல.

அந்த ராத்திரி

முடிவெடுக்க வேண்டிய ஆளு ஓஹையோ ஸ்டேட்டோட அத்லெடிக் டைரக்டர், அதாவது விளையாட்டுத் துறைத் தலைவர், ஹ்யூ ஹிண்ட்மன். யாரு இவரு? மயாமில வுடிகிட்ட ஆடினவரு, ஓஹையோ ஸ்டேட்ல வுடி கீழ அசிஸ்டென்ட் கோச்சா வருஷக்கணக்கா வேலை பாத்தவரு. அதாவது வுடி வளர்த்த ஆளு. ராத்திரியே யுனிவர்சிட்டி பிரசிடென்ட் ஹெரால்ட் எனர்சன்கிட்ட பேசிட்டாரு, ரெண்டு பேரும் ஒத்துப் போயிட்டாங்க, விசாரணை கமிஷன் அது இதுன்னு இழுக்கல. காலைல ஹோட்டல்ல வுடியைப் பாத்து, ராஜினாமா பண்ணிக்கோங்க கோச்னு ஒரு வழி குடுத்தாரு. மாட்டேன், அது உனக்கு சுலபமாப் போயிடும், நீயே டிஸ்மிஸ் பண்ணுன்னுட்டாரு வுடி. பண்ணிட்டாரு. திரும்பி வர்ற ப்ளேன்ல வுடியே பிளேயருங்ககிட்ட, அடுத்த வருஷம் நான் உங்க கோச் இல்லன்னு சொன்னாரு.

எனக்கு இந்தக் கேஸ்லயே கஷ்டமான ஆளா தெரியறது ஹிண்ட்மன்தான். பத்து வருஷமா யாரும் எடுக்காத முடிவு அவர் தலைல வந்து விழுந்துச்சு, அவர் ஒரே ராத்திரில எடுத்தாரு. ராஜினாமா கேட்டு மானத்தைக் காப்பாத்தப் பாத்தாரு, அதுவும் முடியல. வுடி அதை மறுத்ததை சில பேரு வீறாப்புன்னு சொல்றாங்க. நான் நேர்மைன்னு சொல்லுவேன், அடிச்சது நான், தண்டனை நீ குடு, நானா போறேன்னு நடிக்க மாட்டேன்.

பௌமனுக்கு அடி எதுவும் பெருசா படல. அவர் இதை வச்சு ஒரு பேட்டி, ஒரு காசு சம்பாதிக்க அலையல. க்ளெம்சனுக்கு அன்னிக்கு ஹெட் கோச்சா முதல் மேட்ச் ஆடின டேனி ஃபோர்டு மூணு வருஷத்துல நேஷனல் சாம்பியன் ஆனாரு, ஆனா அந்த மேட்சை யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம்

கணக்கு முடிஞ்சுது: மொத்தம் 238 வெற்றி, 72 தோல்வி, 10 டை. ஓஹையோ ஸ்டேட்ல மட்டும் 205. பிக் டென் பட்டம் 13. அவர் கீழ வேலை பாத்துட்டு வெளிய போய்ப் பேரெடுத்தவங்க போ, ஆரா பார்சீகியன், லூ ஹோல்ட்ஸ், அவர் நாற்காலிக்கே வந்த ஏர்ல் ப்ரூஸ்னு பட்டியல் போகும்.

ஊரு அவரைத் துரத்தல. கேம்பஸ்லயே மிலிட்டரி சயின்ஸ் பில்டிங்ல ஒரு ரூம் குடுத்தாங்க, தினம் வந்து உக்காந்தாரு, வர்றவங்ககிட்ட பழைய அமெரிக்க எழுத்தாளர் எமர்சனைப் பத்திப் பேசினாரு. எமர்சன்னா அவருக்கு உசுரு. நமக்கு நல்லது பண்ணவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்து வர்றவனுக்குக் குடுத்துட்டுப் போகணும்னு அதுலேர்ந்து எடுத்துத்தான் சொல்லுவாரு. 1986ல அதே யுனிவர்சிட்டி கௌரவ டாக்டர் பட்டம் குடுத்து பட்டமளிப்பு விழால பேச வச்சப்பவும் அதைத்தான் பேசினாரு. தூக்கினதும் சரி, தூக்கினப்புறம் ரூம் குடுத்ததும் சரின்னு நான் நெனைக்கிறேன், ரெண்டுல ஒண்ணுதான் நியாயம்னு சண்டை போடறவங்களோட எனக்கு ஒத்துப் போகல. 1987 மார்ச் 12ல தூக்கத்துலயே போயிட்டாரு. இரங்கல் உரை பேசினது ரிச்சர்ட் நிக்சன், முன்னாள் ஜனாதிபதி. 1957ல முதல் தடவை சந்திச்சப்ப நான் ஃபுட்பால் பேசணும்னு பாத்தேன், அவர் வெளிநாட்டுக் கொள்கையே பேசினாருன்னு நிக்சன் அங்க சொன்னாரு.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1983 அக்டோபர் 29. ஓஹையோ ஸ்டேடியத்துல பேண்ட் வாத்தியக்காரங்க நடந்து நடந்தே களத்துல "ஓஹையோ"ன்னு கூட்டெழுத்துல எழுதுவாங்க, கடைசில இங்கிலீஷ் "ஐ" எழுத்துக்கு மேல புள்ளியா ஒருத்தர் போய் நிக்கணும். வழக்கமா அது சூஸாஃபோன் வாசிக்கிற பையனுக்குக் கிடைக்கிற கௌரவம், வெளியாளுக்குக் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். அன்னிக்கு புள்ளி வைக்க நடந்து போனவரு வுடி, டிஸ்மிஸ் ஆகி அஞ்சு வருஷம் கூட முழுசா ஆகல, ஸ்டேடியமே எழுந்து நின்னுச்சு.